மாசிக்குப் பத்து நாள் லீவு

“ஏளா, கேட்டியா? தோணி ஆபீஸ் பூனைக்கு ஆபரேஷனாம். பத்து நாளு லீவு குடுத்திருக்காவளாம்.”

“பத்து நாளா!”

“ஆமாங்கேன். எனக்கு ஏழாவது பேறுகாலத்துக்கே எங்க வீட்டு ஆளு எட்டு நாளுதான் குடுத்தாவ. அதுலயும் ஒரு ஞாயித்துக்கெழம சேந்துட்டு. ஒம்பதாம் நாளு குடத்தத் தூக்கிக்கிட்டுக் குழாயடில நிக்கேன்.”

டவுன் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் நடந்த பேச்சு இது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தப் பத்து நாள் லீவை டைப் அடித்துச் சுவரில் குத்தியவளே நான்தான். மடியில் இருந்த பையில் அந்தப் பூனைக்கு வாங்கிய பஞ்சும் மருந்தும் இருந்தன.

சரக்கு ஆபீஸ் வேலையின் இலக்கணம் சிறியது: யாரோ அனுப்புவதை யாருக்கோ சேதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும், நடுவில் நமக்கென்று சொந்தம் ஒன்றும் கிடையாது. நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்த அன்று இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தலைமைக் குமாஸ்தா பால்பாண்டி அண்ணாச்சி. ஆற்றங்கரை ஊர்க்காரர், கடலை இன்னும் முழுசாக நம்பாதவர்.

புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. எங்கள் தோணிகள் மட்டும் பழைய துறைமுகத்திலிருந்தே வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய், மாசிக் கருவாட்டோடு திரும்பிக்கொண்டிருந்தன. அப்படி வந்த ஒரு கருவாட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து வந்து இறங்கியதுதான் எங்கள் ஆபீஸ் பூனை. அதனாலேயே பெயர் மாசி. எங்கள் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், எலிகளுக்கு அதுதான் எமன்.

பத்து ஆண்கள் இருக்கும் ஆபீசில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து பழகிய சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆளில்லாத வேலை ஒன்று முளைத்தால் அது நேராக நம் மேசைக்குத்தான் நடந்து வரும். அதிலும் நான் விலங்கியல் படித்தவள். கல்லூரியில் நான் கத்தி வைத்தது மூன்று தவளையிலும் ஒரு கரப்பானிலும்தான், அவற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கறவை எத்தனை லிட்டர்?

கடைசியாகக் குட்டி போட்டபோது மாசிக்குப் பாதி உயிர் போய்விட்டது. பழைய பைல் அலமாரிக்குள் இரண்டு நாள் முக்கி முனகிக் கிடந்தது. குட்டி ஒன்றும் தங்கவில்லை. “இன்னொரு தடவை இது தாங்காது. ஆபரேஷன் பண்ணிரலாம்” என்றார் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர். அங்கே வருவதெல்லாம் மாடும் ஆடும்தான். திங்கட்கிழமை காலை நான் பனையோலைக் கூடையோடு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் ஒரு எருமை, பின்னால் ஒரு எருமை.

கம்பவுண்டர் பதிவேட்டைத் திறந்தார். கால்நடையின் வகை? பூனை. சொந்தக்காரர்? சரக்கு ஆபீசில் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. என் பெயரை எழுதிக்கொண்டார். அடுத்த கட்டம், ஒரு நாளைக்குக் கறவை எத்தனை லிட்டர். கட்டத்தைக் காலியாக விட அவருக்கு மனம் வரவில்லை. என்னையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தற்சமயம் பால் வற்றியுள்ளது” என்று எழுதினார்.

ஆபரேஷன் முடிந்து, மயக்கத்தில் துணிமாதிரி துவண்டு கிடந்த மாசியைக் கூடையில் வைத்துக் கொடுத்தபோது டாக்டர் சொன்னார்: “பத்து நாள் குதிக்கக் கூடாது, தையலை நக்கக் கூடாது. தையல் விட்டுப்போச்சுன்னா இங்க தூக்கிட்டு வராதீங்கம்மா. எனக்கு வேலை இருக்காது.”

விதிகள்

எனக்கு வாயால் சொல்ல வராது. அதனால் டைப் அடித்தேன். ‘மாசிக்குப் பத்து நாள் லீவு: கடைப்பிடிக்க வேண்டியவை’ என்று தலைப்பு. குதிக்க விடக் கூடாது. ஈரம் படக் கூடாது. கேட்காமல் மஞ்சள் பத்துப் போடக் கூடாது (இது அண்ணாச்சிக்காக). சூடாகச் சாப்பாடு கொடுக்க வேண்டும். ஐந்தாவது, எலி பிடிக்கக் கூடாது. இப்படியே பத்து. நாலு மூலையிலும் குண்டூசி குத்திச் சுவரில் மாட்டினேன்.

அதை முதலில் படித்தவர் கஸ்பார் தண்டல். தோணி ஓட்டும் தலைவருக்கு எங்கள் ஊரில் தண்டல் என்று பெயர். இவர் குரல் ஆபீசுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஆள் வாசலில் தெரிவார். “என் தோணில எலி பாய்மரப் பாயைத் தின்னுது. அடுத்த குட்டி எனக்குன்னு சொன்னீயளா இல்லையா அண்ணாச்சி? இப்பம் கடையவே சாத்திட்டியளே! சரி, தையல் பிரிச்சதும் தாயையே கொண்டு போறேன். அடுத்த சனிக்கெழம தோணி கெளம்புது.” அண்ணாச்சி பேரேட்டைத் திறந்துகொண்டார். நான் குண்டூசி டப்பாவை மூடினேன். நன்றாகக் கவனித்துக் குணமாக்கினால் மாசி கடலுக்குப் போகும். கவனிக்காவிட்டால் குழிக்குப் போகும். இந்தக் கணக்கு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தண்டல் விதிகளை முதலிலிருந்து கடைசி வரை, கடைசியிலிருந்து முதல் வரை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “மோயீசனுக்கே ஆண்டவர் பத்துக் கட்டளைதான் குடுத்தாரு. நீ பூனைக்குப் பத்து குடுத்திருக்கியே தங்கச்சி!” என்றார்.

சட்டை

ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட துணியை மாசி செவ்வாய்க்கிழமை காலைக்குள் அவிழ்த்துவிட்டது. பழைய தாவணியைக் கிழித்து நான் ஒரு சட்டை தைத்துப் போட்டேன். கல்லூரியில் தையலுக்குப் பரிசு வாங்கியவள் நான். மாசி அரைமணியில் அதிலிருந்து வெளியே நடந்து வந்து, சட்டைமேலேயே படுத்துக்கொண்டது. இரண்டாவது சட்டைக்குக் கால்மணி. மூன்றாவதை நான் முழுசாகப் போட்டு முடிக்கவே இல்லை.

இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தண்டல், எழுந்து போய்ப் பழைய பாய்த்துணி ஒன்றும் பாய் தைக்கும் ஊசியும் கொண்டுவந்தார். மாசியைத் தரையில் படுக்கவைத்து, ஒரு சாண், நாலு விரற்கடை என்று அளந்தார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கை வயிற்றுப் பக்கம் வந்ததும் தையலைத் தொடாமல் சுற்றிப் போனதைப் பார்த்தேன். கால்களுக்கு நாலு ஓட்டை, முதுகில் வரிசையாக ஐந்து முடிச்சு. எழுந்து நின்ற மாசி இரண்டு அடி வைத்தது, கரைதட்டிய வள்ளம்போல ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அப்படியே படுத்துவிட்டது. தண்டல் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு சொன்னார்: “பாய் கட்டியாச்சு. இனிக் காத்து வந்தா தானா ஓடும்.”

அதிகாரி வந்த நேரம்

புதன்கிழமை ஒரு சுங்க அதிகாரி ஏதோ தாள் பார்க்க வந்தார். என் மேசையில், போக வேண்டிய தபால் தட்டுக்குள், பாய்த்துணிச் சட்டையோடு மாசி படுத்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “இது ஏற்றுமதியா, இறக்குமதியா?” என்று கேட்டார். எனக்குக் காது வரை சிவந்துவிட்டது. எதிர்ச்சுவரில் சிவப்பு முக்கோணம் போட்ட குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம் இருந்தது. அண்ணாச்சி அதை ஒருமுறை பார்த்தார். பிறகு பேரேட்டிலிருந்து தலை தூக்காமல் பதில் சொன்னார்: “ரெண்டும் இல்ல சார். உற்பத்தி நிறுத்தம்.”

சாளை மீன்

வியாழக்கிழமை வரை மாசி எதையும் வாயில் வைக்கவில்லை. பால் வைத்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அண்ணாச்சி தம் தயிர்சோற்றில் ஒரு கை வைத்தார். அதற்கும் அதே மரியாதை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் தூக்குச்சட்டியோடு ஒரு அக்கா வந்து நின்றார்கள். “தயிர்சோறா? ஏளா, இது என்ன கோயில் பூனையா?” பஸ்ஸில் கேட்ட அதே குரல்! அவர்கள்தான் கஸ்பார் தண்டலின் மனைவி பிலோமினா அக்கா. தோணியில் பராமரிப்பு வேலையாய் இருந்த கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழியில் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். மறுபடி அரைமணியில் வந்தார்கள். சாளை மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து, ஒரு இலைத்துண்டில் வைத்தார்கள். மாசி எழுந்து உட்கார்ந்து தின்றது. நான் நான்கு நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டேன்.

அக்கா கீழே உட்கார்ந்து கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். மயக்க ஊசியா? முழித்ததும் கத்தியதா? நடக்க எத்தனை நாள் ஆயிற்று? நானும் பரீட்சைக்குப் பதில் எழுதுகிறமாதிரி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில்தான் கவனித்தேன், அவர்கள் கண் மாசிமேல் இல்லை.

“பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிட்டாவ தங்கச்சி, எட்டாவது ஒண்ணு வந்தா நான் தாங்க மாட்டேன்னு. ஆபரேஷன் பண்ண எங்க வீட்டு ஆளு கையெழுத்து வேணும்ங்காவ. அவியட்டச் சொன்னா, ‘கடலுக்குப் போயிட்டு வந்து பேசுவோம்’ங்காவ. மூணு வாட்டி போயிட்டு வந்தாச்சு. நாலாவது வாட்டிதான் அடுத்த சனிக்கெழம.”

மார்க்கு போட்ட பெட்டி

மாசி குதிக்காமல் இருக்க, ஒரு காலி மரப்பெட்டிக்குப் பட்டை அடித்து அதற்குள் விட்டிருந்தோம். அது கிட்டங்கியில் கிடந்த பெட்டி. அதன் பக்கத்தில் கஸ்பார் தண்டல் தோணியின் மார்க்கு, இன்ன தோணிக்குப் போகும் சரக்கு என்கிற மைமுத்திரை, ஏற்கெனவே குத்தியிருந்தது. அதை அழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நான் கைகழுவிவிட்டு வந்து பார்த்தால், பெட்டி இருந்த இடம் காலி. தோணியில் ஏற்றுவதற்காக வாசலில் அடுக்கியிருந்த நாற்பது சோப்புப் பெட்டிகளையும் காணோம்.

கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட எனக்காகப் பக்கத்துப் பெண்தான் குரல் கொடுப்பாள். அப்படிப்பட்ட நான் அன்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சரக்கு ஏற்றும் கடல்பாலத்தின் நுனி வரை ஓடினேன். சரக்கு வள்ளம் தோணியைத் தொட்டுக்கொண்டு நின்றது. “தண்டல்!” என்று கத்தினேன். கூலியாட்கள், மீன்காரர்கள், ஒரு போலீஸ்காரர், எல்லோரும் திரும்பினார்கள். “மாசி! பெட்டிக்குள்ள மாசி!” கஸ்பார் தண்டல் தோணியிலிருந்து வள்ளத்துக்குள் இறங்கிப் பெட்டி பெட்டியாகப் புரட்டினார். திரும்பி வரும்போது அவர் வள்ளத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி அவர் மடியில் இருந்தது. அலை தூக்கும்போதெல்லாம் பெட்டியை ஒரு விரல் உயரம் தூக்கித் தூக்கிப் பிடித்தார். கரைக்கு வந்ததும் தலையை விட்டுப் பார்த்து, “தையலு இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

ஏற்றுக்கூலி மேஸ்திரி வருத்தப்பட்டார். ஆனால் தம் பக்க நியாயத்தை விட்டுக்கொடுக்கவில்லை: “கத்தத்தான் செஞ்சுது தங்கச்சி. கத்துத சரக்க ஏத்தப்படாதுன்னு எங்கனயும் எழுதலையே. மார்க்கு சரியா இருந்துச்சு, ஏத்திட்டோம்.”

முடிச்சு

ஏழாம் நாள், திங்கட்கிழமை, தையலைக் காட்ட வரச் சொல்லியிருந்தார் டாக்டர். பிலோமினா அக்கா, “நானும் வாரேன், கூடைய நான் பிடிச்சுக்கிடுதேன்” என்று கூடவே வந்தார்கள். மேசைமேல் வைத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. தண்டல் போட்ட ஐந்து முடிச்சில் ஒன்றுகூட அவிழவில்லை. நான் நகம் உடைத்துக்கொண்டேன். கம்பவுண்டர் பல்லால் முயன்று, மாசியிடம் ஒரு கீறல் வாங்கிக்கொண்டார். டாக்டர் கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டிவிட்டால் மாற்றுச் சட்டை கிடையாது. இன்னும் மூன்று நாள் பாக்கி.

“தள்ளுங்க” என்று அக்கா முன்னால் வந்தார்கள். ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு விரலை நுழைத்து, முதலில் உள்ளே தள்ளி, பிறகு ஒரு சுண்டு. ஐந்தும் பூமாதிரி பிரிந்தன. சட்டைக்கு அடியில் தையல் காய்ந்து, என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடாக இருந்தது. அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார்கள். “இம்புட்டுத்தானா?” என்று கேட்டது டாக்டரிடமா, பூனையிடமா என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டருக்கு முடிச்சின் வியப்பு இன்னும் போகவில்லை. இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். அக்கா சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்கள்: “இருவது வருசமா அவிய போட்ட முடிச்சத்தான சார் அவுத்துக்கிட்டு இருக்கேன்.”

கூரைமேல் ஒருவன்

இத்தனை நாளும் ஆபீஸ் ஓட்டுக்கூரைமேல் ஒருவன் உட்கார்ந்து ராகம் போட்டுக்கொண்டிருந்ததை நான் சொல்லவில்லை. ஒரு காது கிழிந்த கடுவன் பூனை. தலை ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு இருக்கும். மாசியின் குட்டிகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தலை உண்டு என்பதால், தகப்பன் யார் என்பதில் எங்களுக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை. ஜன்னலைச் சாத்தினால் ஓட்டைப் பிரித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பான். அண்ணாச்சி அளவுகோலை எறிவார். அவன் நகர்ந்து இன்னொரு ஓட்டின்மேல் உட்கார்வான். மாசி கூரையைப் பார்த்துத் துள்ளினால் தையல் என்னாகும் என்பதுதான் என் பயம்.

புதன்கிழமை கஸ்பார் தண்டல் ஒரு மூடிக்கூடையோடு வந்தார். “நாளைக்குத் தையல் பிரிப்பாவல்லா? கூடையை இங்கன வச்சிட்டுப் போறேன்.” நான் எழுந்து நின்றேன். “தர மாட்டேன்” என்றேன். என் குரல்தான். கத்தாமலே வந்தது. அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்தார். தண்டல் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் பிலோமினா அக்கா மீன் தூக்குச்சட்டியோடு உள்ளே வந்து அந்தக் கூடையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரம் சாளை மீன் வாசனை வந்தது. பிறகு ஓடு சரியும் சத்தம், ஒரு அலறல், ஒரு ‘டப்’. அக்கா திரும்பி வந்து, குலுங்கும் கூடையைத் தண்டலின் காலடியில் வைத்தார்கள். முழங்கையில் மூன்று கோடு ரத்தம்.

“இந்தாங்க, உங்க தோணிக்குப் பூனை. ஊரு சுத்துதது இவன், அறுபட்டுக் கெடக்கது அவ. ஒரு வாட்டி இவனும் கடல்ல கெடந்து பாக்கட்டும். அவளுக்கு இன்னும் ஒரு நாளு லீவு இருக்கு.”

வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை தையல் பிரித்தார்கள். ஆபீசுக்கு வந்ததும் மாசி முதல் வேலையாக என் டைப்ரைட்டர்மேல் ஏறி, அங்கிருந்து அலமாரிக்குத் தாவியது. சாயங்காலத்துக்குள் ஒரு எலி. அண்ணாச்சி அதற்கு எழுந்து நின்று மரியாதை செய்தார்.

வெள்ளிக்கிழமை காலை, குரல் முன்னால் வராமலே கஸ்பார் தண்டல் வந்து என் மேசைக்கு எதிரில் நின்றார்.

“மொதலாளிக்கு ஒரு கடுதாசி அடிக்கணும் தங்கச்சி. தோணி நாளைக்குக் கெளம்பாது. இன்னும் பத்துப் பன்னெண்டு நாளு ஆவும்.”

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ஏன்வே, காத்து சரியில்லையா?”

“காத்துக்கு என்ன. நல்லாத்தான் அடிக்கி.”

‘காரணம்’ என்று அடித்துவிட்டு விரலை நிறுத்தினேன். “என்ன போடட்டும்?”

“வீட்டுல ஆபரேஷன்னு போடு. திங்கக்கெழம. கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வாரேன்.”

அடித்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுச் சுவரருகே போனார். விதிகளின் நாலு மூலைக் குண்டூசிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் மேசைமேல் வைத்தார். என் பேனாவைக் கேட்டு வாங்கி, எலி பிடிக்கக் கூடாது என்ற ஐந்தாம் விதியைக் கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே, எழுத்து எழுத்தாக, ‘குடம் தூக்கக் கூடாது’ என்று எழுதினார். மை காயும் வரை ஊதினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.